ரிப்பனுக்குக் கீழே ஒரு வருஷம்

போன வாரம் ஒரு திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். திறந்து ஒரு வருஷமாகிவிட்ட கட்டடத்துக்கு!

குழம்ப வேண்டாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கட்டடத்தில் ஒரு வருஷமாக வைத்தியம் நடக்கிறது. ஊசி போடுகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறார்கள். ஆனாலும் போன வாரம்தான் அது ‘திறக்கப்பட்டது’. பந்தல், மாலை, மைக்செட், மேளம் எல்லாம் வைத்து.

இதென்ன கூத்து என்கிறீர்களா? சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். சுகாதாரத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் தள்ளி, கண்காணிப்பாளராக ரிட்டயர் ஆனவள். இப்போது அருப்புக்கோட்டையில் வாசம். பிரஷர் உண்டு, சுகர் உண்டு, வாயும் கொஞ்சம் உண்டு.

என் சித்தி மகள் சின்னத்தாய். என்னைவிட ஆறு வயது இளையவள். வாய் விஷயத்தில் என்னைவிட மூத்தவள். திருச்சுழியிலிருந்து பரளச்சிப் பக்கம் போகிற பாதையில் ஒரு கரிசல் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மழை பெய்தால் பருத்தி, மிளகாய்... பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவது. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருக்கிற நர்சம்மாவுக்கு இன்னும் நிறைய சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

அந்த ஊருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் வந்த கதையே தனி. சில வருஷங்களுக்கு முன்னால் ஓட்டுக் கேட்டு ஒரு பிரசார வேன் ஊருக்குள் வந்தது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சி வேனும் அந்த ஒரே ரோட்டில்தான் வரும். சின்னத்தாய் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வேனை மறித்துவிட்டாள். ஆரத்தித் தட்டு எங்கே என்று வேட்பாளர் தேடியிருக்கிறார்.

“ஆரத்தி அப்பறம் எடுக்கம். எங்க ஊருக்கு ஒரு நர்சு வீடு கட்டித் தாரேன்னு மைக்குல சொல்லுங்க. சொன்னாத்தான் வண்டி போகும்.”

அவர் சொன்னார். சொல்லாமல் என்ன செய்வார்? அடுத்த ஊரில் கூட்டம் காத்திருக்கிறது. ஜெயித்த பிறகும் சின்னத்தாய் விடவில்லை. இடமில்லை என்று ஒரு பதில் வந்ததும், தன் பருத்திக் காட்டில் ரோட்டோரமாக ஐந்து சென்டை எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் புருஷன் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் சோறு வேண்டுமென்று பேசிவிட்டார்.

கட்டடம் எழும்பியது. முன்னால் ஒரு சிகிச்சை அறை, பின்னால் நர்ஸ் குடியிருக்க ஒரு அறை, ஒரு சமையலறை. ரோஸ் கலர் பெயின்ட்.

ஆனால் பூட்டு!

திறப்பு விழா நடக்க வேண்டுமே. முதல் தகராறு கல்வெட்டில் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் முத்துராமுவின் பெயர் மேலேயா, ஒன்றியக் கவுன்சிலரின் பெயர் மேலேயா? இதைத் தீர்க்க ஒன்றரை மாதம். இரண்டு பெயரையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் போடுவதாக முடிவாயிற்று. இடது பக்கம் யார் என்று அதற்கு அப்புறம் ஒரு சண்டை.

ஒருவழியாகத் தேதி குறித்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பிரமுகர் வருவதாக ஏற்பாடு. வாழைமரம் கட்டி, வாசலில் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பு ரிப்பனும் கட்டியாகிவிட்டது. காலை பத்து மணிக்கு ஒரு போன்... ‘ஐயாவுக்கு வேற புரோகிராம்.’

பந்தலைப் பிரித்தார்கள். வாழைமரத்தை மாடு தின்றது. நாற்காலிகளை லோடு ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். ரிப்பன் மட்டும் அப்படியே இருந்தது. ஏன் தெரியுமா? பெரியவர் வெட்ட வேண்டிய ரிப்பனை அவிழ்க்கிற தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை! அவிழ்த்தால் அவமரியாதை, வெட்டினால் அதைவிடப் பெரிய அவமரியாதை. இருக்கட்டும், அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் போன வருஷம் வைகாசியில் நான் அந்த ஊருக்குப் போனேன். சின்னத்தாயின் மருமகள் பாண்டீஸ்வரிக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம்.

வளைகாப்பு என்றால் கலகலவென்று இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. ஆனால் பாண்டீஸ்வரி முகத்தில் சிரிப்பு வந்து வந்து போயிற்று. காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய முதல் பிள்ளை இதே ஏழாம் மாதத்தில்தான் தங்காமல் போனது. பிரஷர் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. தலைவலி என்று படுத்தவள், ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பிள்ளை இல்லை.

இந்தத் தடவை திருச்சுழி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையிலும் சாயங்காலமும் பிரஷர் பார்க்க வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்று.

யார் பார்ப்பது? நர்ஸ் செல்வராணிக்கு அந்த ஊரோடு சேர்த்து ஐந்து ஊர்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவள். இந்த ஊருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முறை. அன்றைக்கு உட்கார இடம் ஊர்ச் சாவடி. சாவடியில் ஒரு பக்கம் சீட்டுக்கட்டு நடக்கும், எதிரே டீக்கடை. நடுவே பெஞ்சில் கர்ப்பிணிப் பெண்கள்.

“வயித்தத் தொட்டுப் பாக்கணும், சேலைய எறக்கும்மாங்கிறாக நர்சம்மா. எதுத்தாப்புல டீ கிளாசப் புடிச்சுக்கிட்டு எட்டுப் பேரு நிக்கிறாக, பெரியம்மா. நான் எப்பிடிப் படுப்பேன்?” என்று பாண்டீஸ்வரி என் காதோடு சொன்னாள். அதனாலேயே இரண்டு வாரம் அவள் சாவடிக்குப் போகவே இல்லையாம்.

வளைகாப்புக்கு வந்திருந்த செல்வராணியிடம் போய் இதைச் சொன்னேன்.

வளையல் அடுக்கி முடித்ததும் செல்வராணி அவளை உள்ளே அழைத்துப்போய்க் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

“கூடியிருக்கு மேடம். மாத்திரை மாத்தணும், டாக்டர்ட்டப் பேசிட்டேன். ஆனா ரெண்டு வேளையும் பாத்தே ஆகணும். நான் இங்கயே தங்குனா பாத்துக்குவேன். சாவி எங்கிட்டதான் இருக்கு. ஆனா...”

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ரோட்டோரத்தில் ரோஸ் கலர் கட்டடம். வாசலில் சிவப்பு ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். கட்டடம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள், சாவி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. நோயாளி கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். நடுவே இருப்பது ஒரு முழ ரிப்பன்!

சின்னத்தாய் என் பக்கம் திரும்பினாள்.

“யக்கா, நீ அந்த ஆபீஸ்லதான முப்பது வருசமா இருந்த? திறப்பு விழா நடக்காம உள்ள போகக்கூடாதுன்னு ரூல்சு இருக்கா?”

“இருக்கும்டி... எங்கயாவது இருக்கும்” என்றேன்.

“எங்க இருக்கு? காட்டு.”

நான் கேசரியைச் சாப்பிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த பழைய விதிமுறைப் புத்தகங்களை எல்லாம் இறக்கிவைத்துப் புரட்டினேன். தும்மல்தான் வந்தது. என்னோடு வேலை பார்த்த நாலு பேருக்குப் போன் போட்டேன். நாலு பேரும் முதலில் “இருக்குமே!” என்றார்கள். பிறகு “எதுல பாத்தோம்?” என்றார்கள். கடைசியில் “இல்லையோ?” என்றார்கள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு விதியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அதைக் கடைப்பிடிக்காமல் விட்ட நாளும் இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால், வேறொரு மாவட்டத்தில் நான் வேலை பார்த்தபோது, புதிதாக ஒரு பிரசவ வார்டு கட்டி முடித்தார்கள். ‘திறப்பு விழா நடைபெறும் வரை பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்’ என்று குறிப்பு எழுதியது யார்? இந்தக் கைதான். யாரும் எழுதச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்வதுதான் நல்ல கிளார்க்குக்கு அழகு என்று நினைத்தேன். நாலு மாதம் அந்த வார்டு பூட்டிக் கிடந்தது. அந்த நாலு மாதமும் பிரசவித்த பெண்கள் பழைய வார்டில் தரையில் படுத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதிகாரம் என்றால் யாரோ மேலே உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுவது என்று நினைக்கிறோம். பாதி நேரம் அவர்கள் உத்தரவே போடுவதில்லை. அவர்களுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று நாமாகவே போட்டுக்கொள்கிற உத்தரவுகள்தான் அதிகம். எங்கள் துறையில் அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள்.

மறுநாள் காலை சின்னத்தாய்க்குப் போன் போட்டேன்.

“ஏடி, அப்பிடி ஒரு விதியே இல்ல.”

“நெசமாத்தான் சொல்றியா?”

“நெசந்தான்.”

“அப்பச் சரி. வெள்ளிக்கெழம நல்ல நாளு. பால் காய்ச்சிருவோம். நீ வந்துரு” என்று வைத்துவிட்டாள்.

பால் காய்ச்சுவதா? எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. ரிப்பன் வெட்டுவது அரசாங்கத்தின் வழக்கம். புது வீட்டில் பால் காய்ச்சுவது நம் வழக்கம். நர்ஸ் குடியிருக்கப் போகிற வீட்டில் பால் காய்ச்சினால் அது திறப்பு விழாவா? குடிபோகிறோம், அவ்வளவுதானே!

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பாத்திரம், அடுப்பு, சாமி படம் சகிதமாகப் பதினைந்து பெண்கள் கட்டடத்து முன்னால் கூடிவிட்டார்கள். தலைவர் முத்துராமு சட்டைப் பட்டனைக்கூடப் போடாமல் ஓடிவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம்.

“ஆத்தாடி! என்ன காரியம் பண்றீக? ஐயா வந்து தெறக்க வேண்டிய கட்டடம். நீங்க பாட்டுக்கு உள்ள போனீகன்னா என் பதவிய நான் மறந்துற வேண்டியதுதான்” என்றார்.

“நாங்க எங்க தெறக்கம்? பாலுதான் காய்ச்சுறோம்” என்றாள் சின்னத்தாய்.

“ரிப்பன் கட்டியிருக்குல்ல?”

“நல்லாக் கட்டியிருக்கு. நாங்க தொடவே மாட்டோம். உங்க ஐயா ஆடியில வரட்டும், ஐப்பசியில வரட்டும், வந்து வெட்டட்டும். அதுவரைக்கும் நாங்க குனிஞ்சு போய்க்கிறோம்.”

தலைவர் என்னைப் பார்த்தார்.

“யக்கா, நீங்க ஆபீஸர். நீங்க சொல்லுங்க.”

நான் ஆபீஸராக இருந்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு மறுக்கவில்லை. “ரிப்பன் வெட்டாத வரைக்கும் திறப்பு விழா நடக்கல. அதுல சந்தேகமே வேணாம் தலைவரே” என்றேன், முழு அலுவலகக் குரலில்.

அவர் சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ரிப்பனின் முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது. உயர்த்திக் கட்டவும் கூடாது. அவர் முன்னிலையில் கட்டியது கட்டியபடி இருக்க வேண்டும்.

“சரி” என்ற சின்னத்தாய் குனிந்து முதல் ஆளாக உள்ளே போனாள். பின்னாலேயே பால் சொம்பு, அடுப்பு, சாமி படம், நான். அறுபது வயதில் குனிந்து நிமிர்வது சாதாரண விஷயமில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது புது பெயின்ட் வாசனை அடித்தது. எனக்கு என்னவோ கண் கலங்கிவிட்டது.

பால் பொங்கியது. குலவைச் சத்தத்தில் சாவடியில் சீட்டாடியவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

செல்வராணி மட்டும் என்னை ஓரமாக இழுத்தாள். “மெமோ குடுத்துட்டா என்ன பண்றது மேடம்? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்றாள்.

இது விளையாட்டு இல்லை. ஊர்க்காரர்களுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை. அவளுக்குத்தான் வேலை இருக்கிறது. எங்கேயோ கண்காணாத இடத்துக்கு மாற்றிவிட்டால் யார் கேட்பது? எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை அவளுக்காகச் செய்தேன். அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன், அவளுடைய மேலதிகாரியான திருச்சுழி டாக்டரம்மாவுக்கு. ‘ஒப்படைக்கப்பட்ட கட்டடத்தின் பணியாளர் குடியிருப்பில் இன்று முதல் தங்கிப் பணியாற்றுகிறேன் என்பதைத் தகவலுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்.’ கவனித்தீர்களா? அனுமதி கேட்கவே இல்லை. கேட்டால் அந்த ஃபைல் மேலே போகும். மேலே போன ஃபைல் எப்போது கீழே வரும் என்று எனக்குத் தெரியாதா? தகவல் என்றால் படித்துவிட்டு வைத்துவிடலாம்.

டாக்டரம்மா கெட்டிக்காரி. கடிதத்தின் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். மறுநாள் ஒரு கட்டிலும் மெத்தையும் ஆட்டோவில் வந்து இறங்கின. கட்டில் ரிப்பனுக்குக் கீழே நுழையவில்லை. சாய்த்து, படுக்கவைத்து, ஆறு பேர் தவழ்ந்து உள்ளே கொண்டுபோனார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஊரே குனியப் பழகிவிட்டது. முட்டிவலிக்காரர்களாலும் கர்ப்பிணிகளாலும் அவ்வளவு குனிய முடியாதே? பின்னால் வருகிறவர்கள் ரிப்பனை ஒரு கையால் தூக்கிப் பிடிப்பார்கள், முன்னால் போகிறவர் லேசாகக் குனிந்து நுழைவார். அவர் உள்ளே போய்த் திரும்பி, தூக்கிப் பிடித்தவருக்காகத் தூக்கிப் பிடிப்பார். முடிச்சை யாரும் தொடவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி ரிப்பன் தூக்கிப் பிடித்து, அதிலேயே பேச ஆரம்பித்துவிட்டதாக சின்னத்தாய் சொல்கிறாள். நம்புகிறேன்.

பாண்டீஸ்வரி தினமும் இரண்டு வேளை வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் நிம்மதியாகப் படுத்தாள். ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டையைச் சுற்றிப் பார்த்த செல்வராணி எழுந்து நின்றுவிட்டாள். பிரஷர் எகிறியிருக்கிறது. தலைவலி உண்டா என்று கேட்டால், “காலையிலருந்து லேசா இருக்கு” என்கிறாள் இவள்! ஊசி போட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, கூடவே ஏறி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சின்னத்தாய் ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். வாய் பேசவில்லை. அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். சாயங்காலம் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. எடை கொஞ்சம் கம்மி, குரல் ஜாஸ்தி.

“அப்பிடியே எங்க வம்சம்” என்றாள் சின்னத்தாய், அழுதுகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்! சாவடிக் காலமாக இருந்தால் அன்றைக்கு அந்த ஊரில் நர்ஸ் ஏது? 

சரி, திறப்பு விழா என்னாயிற்று? ஆடி என்று ஒரு தடவை தள்ளினார்கள். அப்புறம் மழை. அப்புறம் மார்கழி. அப்புறம் தேர்தல் அறிவிப்பு, நடத்தை விதிகள்... எந்தத் திறப்பு விழாவும் நடத்தக் கூடாது. தேர்தல் முடிந்ததும் கல்வெட்டுக்காரருக்கு மறுபடி வேலை வந்தது. எந்தப் பெயர் போய் எந்தப் பெயர் வந்தது என்பதை விடுங்கள்.

இதற்கிடையே வெயிலில் ரிப்பன் வெளுத்துவிட்டது. தலைவரே எனக்குப் போன் செய்தார். “யக்கா, அருப்புக்கோட்டையில அதே செவப்புல ரிப்பன் கெடைக்குமா? ஐயா திடீர்னு வந்துட்டா அசிங்கமாப் போயிரும்.” வாங்கிக்கொண்டு போனேன். அவரே கட்டினார். பழசை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே புதுசைக் கட்டினார்! நடுவில் ஒரு நிமிஷம்கூடக் கட்டடம் திறந்திருந்ததாக ஆகிவிடக் கூடாதாம்.

இன்னொரு தடவை ஒரு வெள்ளாடு ரிப்பனைத் தின்றுவிட்டது. அப்படிப் பார்த்தால் அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தது அதுதான். விஷயம் வெளியே தெரியாமல் மூடிவிட்டோம்.

இப்படியாகப் போன வாரம் நிஜமாகவே அந்த நாள் வந்தது. பிரமுகர் வந்தார். அன்றைக்கு அவருக்கு அது நாலாவது திறப்பு விழா என்று காரிலிருந்து இறங்கியபோதே முகத்தில் தெரிந்தது. பாவம், கழுத்தில் மாலை அரித்துச் சிவந்திருந்தது. தாம்பாளத்தில் கத்தரிக்கோல். போட்டோக்காரர்கள் தயார். கட்டடத்துக்குள் இருந்த மருந்து, பதிவேடு எல்லாவற்றையும் ‘இன்றைக்குத்தான் வந்தது போல’ அடுக்கிவைக்கச் சொல்லியிருந்தார் தலைவர். செல்வராணி வெள்ளைச் சேலையில் விறைத்துப்போய் நின்றாள். எனக்கும் பயம்தான். அந்தக் கடிதத்தை எழுதியது நானல்லவா?

பிரமுகர் கத்தரிக்கோலை எடுத்தார்.

“ஐயா, இங்க பாருங்க” என்றார் போட்டோக்காரர். ஐயா பார்த்தார், நாங்களும் பார்த்தோம்.

அந்த இடைவெளியில் சின்னத்தாயின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள் அவள் பேத்தி மித்ரா. பதினோரு மாதம். நடக்கப் பழகி ஒரு வாரம்தான் ஆகிறது. புதன்கிழமைகளில் ஊசி போட்டுக்கொள்ளவும் எடை பார்க்கவும் போய்ப் போய்ப் பழகிய வாசல் அல்லவா? தத்தித் தத்தி நடந்து, ரிப்பனுக்குக் கீழே புகுந்து, நேராக உள்ளே போய்விட்டாள்! எடை பார்க்கிற மெஷினைத் தட்டிக் கூச்சல் போட்டாள்.

மேளம் நின்றது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இது யாரும்மா?” என்று கேட்டார் பிரமுகர்.

“பயனாளிங்கய்யா” என்றாள் சின்னத்தாய்.

“இன்னும் தெறக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்பிடிப் பயனாளி?”

சின்னத்தாய்க்குப் பொய் வராது. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்... பால் காய்ச்சியது, குனிந்து போனது, அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். “உங்க ரிப்பன நாங்க வெட்டலய்யா. ஒரு வருசமா அப்பிடியேதான் இருக்கு” என்று முடித்தாள். ஆட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

 செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

பிரமுகர் ரிப்பனைப் பார்த்தார். உள்ளே மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மித்ராவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மாலை குலுங்கச் சிரித்தார்.

“அப்ப நான் எதுக்கும்மா வந்தேன்?”

“நல்லாக் கேட்டீக! தண்ணி இல்லங்கய்யா. நர்சம்மா ஒரு வருசமா எங்க வீட்டுலருந்துதான் கொடம் தூக்குறாக. ஒரு போரு போட்டுக் குடுங்க. மைக்குல சொல்லிட்டுப் போங்க.”

சொன்னார். மைக்கில், எல்லோர் முன்னாலும். நர்சம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுத் தன் கழுத்திலிருந்த மாலையை எடுத்துக் கையில் கொடுத்தார். தலைவர் முத்துராமு உடனே மைக்கைப் பிடித்து, இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தன்னுடைய யோசனைதான் என்றார். எல்லோரும் கைதட்டினோம். அவரும் பாவம், ஒரு வருஷமாகத் தூங்கியிருக்க மாட்டார்.

அரசியல் வேண்டாம், சுகாதாரம் மட்டும் போதும் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஊருக்குக் கட்டடம் வந்ததே வேனை மறித்த அரசியலால்தான். அது பூட்டிக் கிடந்ததும் அரசியலால்தான். இனி தண்ணீர் வந்தால் அதுவும் அதனால்தான் வரும். எனவே அரசியலை விட்டு ஒதுங்குவதாக இல்லை என்கிறாள் சின்னத்தாய். அடுத்த வேனுக்கு இப்போதே ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறாள். முதலில் இருப்பது இன்னொரு நர்ஸ்.

விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று அந்தக் கட்டடத்துக்குள் போனேன். போனவள் வாசலில் பழக்க தோஷத்தில் குனிந்தேன்! ரிப்பன்தான் வெட்டியாயிற்றே? வெட்கமாகப் போயிற்று. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினால், எனக்குப் பின்னால் தலைவரும் குனிந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் செல்வராணியும். நேற்று சின்னத்தாய் போன் செய்தபோது கேட்டேன், ஊரில் எல்லோரும் இன்னும் குனிந்துதான் நுழைகிறார்களாம்.

அந்த ஊரில் ஒரு நாளும் குனியாமல், தலை நிமிர்ந்து உள்ளே போனவள் மித்ரா ஒருத்திதான்.